நாலரை மணிக்கு எடுத்த ரத்தம்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஊசி போடும் விதத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஆறு மாதத்தில் அதைக் கை தானாகவே கற்றுக்கொள்ளும். நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு தவறை. அப்போது நான் உங்களைப் போலப் புதியவள் இல்லை. வயது ஐம்பத்து நான்கு. அந்த லேபில் எல்லோருக்கும் சீனியர். கண்ணை மூடிக்கொண்டு நரம்பு பிடிப்பேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். நல்லவேளையாக அந்தத் தவறால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. அதனால் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.

இன்னொன்று. ஒருவருடைய ரிப்போர்ட்டை ஊருக்குச் சொல்லக் கூடாது என்பது நம் தொழிலின் முதல் ஒழுங்கு. இந்தக் கதையில் வருகிறவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். “பேரை மட்டும் மாத்திட்டு தாராளமா சொல்லுங்க” என்றார். ஆகவே அவரை ராஜமாணிக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

எங்கள் லேப் திருவண்ணாமலை போளூர் ரோட்டில், ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. ராஜமாணிக்கம் சார் அதன் மேனேஜர். நாற்பத்தெட்டு வயது. கெட்ட மனிதர் இல்லை. லேபில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பார். ஆனால் பெண்கள் எதற்குக் குரல் உயர்த்தினாலும் அவரிடம் ஒரே விளக்கம்தான் இருந்தது. “லேடீஸ்னா மாசத்துல நாலு நாள் இப்படித்தான்” என்பார். சம்பளம் கேட்டாலும் அதுதான், லீவு கேட்டாலும் அதுதான், தண்ணீர்க் கேன் வரவில்லை என்று புகார் சொன்னாலும் அதுதான்.

ஒரு நாள் மதியம் செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவரின் ரத்தம் வந்தது. வீட்டில் எடுத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தது. பொட்டாசியம் பயமுறுத்தும் அளவுக்கு ஏறியிருந்தது. சார் அந்த எண்ணைத் திரையில் பார்த்துவிட்டு அவசரப்பட்டுப் பெரியவரின் மகனுக்குப் போன் செய்துவிட்டார். மகன் அப்பாவைக் காரில் படுக்க வைத்துக்கொண்டு, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ரிப்போர்ட் வாங்க வந்து நின்றான். நான் குழாயை எடுத்துப் பார்த்தேன். மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் சிவந்திருந்தது. வழியில் குலுங்கி ரத்த அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். மறுபடியும் ரத்தம் எடுக்காமல் ரிப்போர்ட் தர முடியாது என்று சொன்னேன்.

மகன் கத்தினான். சார் அவனைவிட அதிகமாகக் கத்தினார். நான் அசையவில்லை. அப்போது சார் வரவேற்பறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அந்த மகனிடம் சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. மேடத்துக்கு இன்னிக்கு அந்த நாளு போல.”

எனக்குக் காது சூடானது. ஆனால் குரல் நிதானமாகத்தான் வந்தது.

“சார், எனக்கு அது நின்னு மூணு வருஷம் ஆவுது. இது மூளையில இருந்து வர்ற கோவம்.”

சர்க்கரை பார்க்க உட்கார்ந்திருந்த ஓர் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு வரவேற்பறை முழுக்கச் சிரித்தது. நான் கீழே இறங்கிப் போய்க் காரிலேயே பெரியவருக்கு மறுபடி ரத்தம் எடுத்தேன். பொட்டாசியம் சரியாக இருந்தது. பெரியவர் காரை விட்டு இறங்கி, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு, வேலூர் போகாமல் ஊருக்குத் திரும்பினார். சார் மட்டும் அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என்னோடு வேலை செய்த தேன்மொழி கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருபவள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாய் மட்டும் எப்போதோ நிரந்தரமாகிவிட்டது.

“அக்கா, நமக்கு நாலு நாளுன்னா இவருக்கு எத்தினி நாளு? ஒரு மாசம் எழுதிப் பாக்கலாமா?” என்றாள்.

ஸ்டோர் ரூமில் மருந்துக் கம்பெனி கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சார் கோபப்பட்ட நாளுக்குச் சிவப்புப் புள்ளி, நல்ல மனநிலைக்குப் பச்சை. பக்கத்தில் நேரம். மேலே தேன்மொழி தன் அழகான கையெழுத்தில் ‘சார் வானிலை’ என்று தலைப்புப் போட்டாள். அவள் கணக்கு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்துவார்கள், எங்களில் பாதிப் பேர் நடந்து வந்து தாமதமாகச் சேருவோம், அன்றைக்குத்தான் சாருக்கு உச்சம் என்று அவள் சொன்னாள். ஆம்பளைக்கும் மாதத்துக்கு ஒரு தடவை ஏதோ வருகிறது, வெளியே சொல்வதில்லை என்று நான் நினைத்தேன்.

ஒரு மாதம் என்று ஆரம்பித்தது மூன்று மாதம் ஓடியது. பௌர்ணமிக்கும் சிவப்புக்கும் சம்பந்தமே இல்லை. மாதாமாதம் திரும்பி வருகிற கணக்கும் இல்லை. ஆனால் வேறு ஒன்று தெரிந்தது. காலையில் ஓரளவு சரியாக இருப்பவர் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் எரிந்து விழுந்தார். முதல் மாதம் பச்சைதான் ஜாஸ்தி. மூன்றாவது மாதம் பச்சையைத் தேட வேண்டியிருந்தது. விளையாட்டாக ஆரம்பித்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு குறைந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு நாள் சாயங்காலம் சார் ஏதோ அட்டைப்பெட்டி தேடி ஸ்டோர் ரூமுக்குள் போனார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. தேன்மொழி என் கையைப் பிடித்தாள். இருவரும் உள்ளே போனோம். சார் காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மூன்று தாள்களையும் புரட்டிப் பார்த்திருந்தார்.

“இது யாரு கையெழுத்து?”

அங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மருந்து இருப்புக் கணக்கு, ஃப்ரிட்ஜ் சூடு பார்த்த கணக்கு என்று எதையாவது சொல்லியிருந்தால் அவரும் நம்பாவிட்டாலும் விட்டிருப்பார். ஆனால் மூன்று மாதம் ஒரு மனிதரைக் கவனித்து எழுதிய காகிதம் அது. அதைப் பொய்யாக்க எனக்கு மனசு வரவில்லை.

“யோசனை என்னோடது சார். கோவப்பட்டா என்மேல படுங்க. இது உங்க ரிப்போர்ட்தான்.”

“நாளையில இருந்து ரெண்டு பேரும் வர வேணாம்” என்றார்.

தேன்மொழி அழ ஆரம்பித்தாள். நான் அவளை அணைத்துக்கொண்டு நின்றேன். சார் வாசல்வரை போனார். போனவர் திரும்பி வந்து மறுபடி காலண்டரைப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டார். பிறகு அங்கே இருந்த ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தார். பெட்டி அமுங்கியது.

“மூணு மாசமா நான் இப்படியா இருந்தேன்?”

நான் மூன்றாவது மாதத் தாளைத் திருப்பிக் காட்டினேன்.

“வீட்ல என் வண்டிச் சத்தம் கேட்டா டிவியை நிறுத்திடறாங்க மேடம். பையன் ரூமுக்குள்ள போயிடறான். என் வொய்ஃப்பு, ‘சாப்டறீங்களா’ன்னு கேக்கறதோட சரி. நான் எல்லாரும் மாறிட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

இப்போது கவனியுங்கள். என் தவறு இங்கேதான் வருகிறது.

அவர்மேல் எனக்கு அப்படி ஓர் இரக்கம் வந்தது. அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் வெற்றிக் களிப்பும் வந்தது. ஆம்பளைக்கும் ஹார்மோன் ஆட்டம் உண்டு என்று மூன்று மாதமாக நான் நிரூபிக்கக் காத்திருந்தேன். நிரூபணம் என் முன்னால் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்திருந்தது.

“சார், கையை நீட்டுங்க. ஆம்பளை ஹார்மோனைப் பாத்துடலாம்” என்றேன்.

அவருக்கு ஊசி என்றால் பயம் என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு லேபையே நடத்துகிறவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போது மணி நாலரை. மதியச் சாப்பாடு முடிந்து, அதன்மேல் இரண்டு பஜ்ஜியும் சாப்பிட்டிருந்தார். மெஷினில் போட்டேன். ஆண் ஹார்மோன் இருக்க வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் கீழே வந்திருந்தது. தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான் ரிப்போர்ட்டை அச்செடுத்து, “பாத்தீங்களா சார், உங்களுக்கும் இருக்குது” என்று அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். எங்களை வேலையை விட்டு நிறுத்தியதை அவரும் மறந்துவிட்டார், நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் லேபின் டாக்டரம்மா வந்தார். வாரத்தில் மூன்று நாள் வந்து ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். ஆனாலும் என் தொழில் வாழ்க்கையில் குரு என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் சொல்வேன். நான் ரிப்போர்ட்டின் நகலைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். பெரியவரின் பொட்டாசியக் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

“அக்கா, இது எத்தனை மணிக்கு எடுத்த ரத்தம்?”

“நாலரை” என்றேன். சொன்னவுடனே புரிந்துவிட்டது. அந்த ஹார்மோன் காலையில் ஏறி, பொழுது போகப் போக இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். காலையில், வெறும் வயிற்றில், ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எதுவும் சொல்ல வேண்டும். இதை நான் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். குலுங்கிய ரத்தத்துக்காக ஊரையே எதிர்த்து நின்றவள், எனக்குப் பிடித்த பதில் வரும் என்றதும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா அதைப் பெரிதாக்கவில்லை. “அவர்கிட்ட வேற இன்னா கவனிச்சீங்க, சொல்லுங்க” என்றார்.

நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். எந்நேரமும் அசதி. உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறார். முகம் காலையில் வீங்கின மாதிரி இருக்கிறது. குரல் கட்டிப்போயிருக்கிறது. எடை கூடியிருக்கிறது. குளிருகிறது என்று ஏசியை நிறுத்துவார், மெஷின் சூடாகிக் கத்தும், அதற்கு ஒரு சண்டை. சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் எனக்கே உறைத்தது. பங்குனி மாதம் அது. மலைப்பாறை காய்ந்து, ஊரே அடுப்புப் போல இருக்கிற நேரம். அந்த வெயிலில் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் அதற்கும் சிரித்திருந்தோம்.

“இதையெல்லாம் ஒரு லேடி வந்து சொல்லியிருந்தா நீங்க எந்த டெஸ்ட்டை நெனச்சிருப்பீங்க அக்கா?”

“தைராய்டு” என்று என் வாய் தானாகச் சொன்னது.

பெண் கோபப்பட்டால் அந்த நாள் என்று சார் முடிவு செய்தார். ஆண் கோபப்பட்டால் ஆண் ஹார்மோன் என்று நான் முடிவு செய்தேன். இரண்டு பேரும் எதிரில் இருந்த ஆளைப் பார்க்கவில்லை.

பின்னால் நின்றுகொண்டிருந்த தேன்மொழிக்கு மட்டும் ஏமாற்றம். “அப்போ ஆம்பளைங்களுக்கு அந்த மாதிரி நாளே கிடையாதா டாக்டர்?”

“நமக்கு மாசக் கணக்கு. அவங்களுக்கு அந்த மாதிரி மாசச் சுத்து இல்ல. காலையில ஏறி ராத்திரிக்குள்ள இறங்கும், அது தெனமும் நடக்கும். வயசு ஏற ஏற மெதுவா கம்மியாவும். ரொம்பக் கம்மியானா எரிச்சல், சோர்வு எல்லாம் வரலாம். ஆனா எரிச்சல் வந்தவங்க எல்லாருக்கும் அதுதான் காரணம்னு சொல்ல முடியாது. தூக்கம் இல்லாம இருக்கலாம், சர்க்கரையா இருக்கலாம், மனசுல கஷ்டமா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம். மனநிலை மாறாத ஆளு யாரும் கெடையாதும்மா. ஏன் மாறுதுன்னு கேக்கறதுதான் நம்ம வேலை.”

அந்த நேரத்தில்தான் வரவேற்பில் இருந்த பெண் வந்து சொன்னாள். சார் இன்று தாமதமாக வருவாராம். பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் அவருடைய பள்ளி நண்பர் ஒருவர், ஆண் ஹார்மோன் ஊசி ஒன்று போட்டால் இருபது வயது குறைந்துவிடும் என்று சொன்னாராம். ஒன்பது மணிக்கு அங்கே போகிறாராம்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. “தேவையில்லாம அதைப் போடக் கூடாதுக்கா” என்றார்.

நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. மணி எட்டு ஐம்பது. கீழே ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். என் ரிப்போர்ட் தப்பு என்று அவருடைய நண்பர் முன்னால் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சேர்த்த பெயர் அது. போகிற வழியெல்லாம், வேறு எப்படியாவது சுற்றிவளைத்துச் சொல்லலாமா என்று மனசு கணக்குப் போட்டது. ஆட்டோ நின்றபோது எந்தக் கணக்கும் மிச்சமில்லை.

சார் கடையின் உள்ளே ஸ்டூலில், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நண்பர் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“போடாதீங்க. சார், எழுந்திருங்க. நான் நேரம் தப்பா எடுத்துட்டேன். அந்த ரிப்போர்ட்டு செல்லாது.”

சார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். நான் சொன்னதைக் கேட்டார்.

“இன்னா மேடம், ஒரு வியாதியோட நிம்மதியா இருக்கக்கூட உட மாட்டீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. நண்பர் மட்டும் ஊசியோடு விழித்துக்கொண்டு நின்றார்.

“காலையில சாப்டீங்களா சார்?”

“ஊசிக்குப் பயந்து தண்ணிகூடக் குடிக்கல.”

“ரொம்ப நல்லது. வாங்க, ஆட்டோ நிக்குது.”

ஒன்பதே காலுக்கு ரத்தம் எடுத்தேன். இந்தத் தடவை குழாயின்மேல் நேரத்தை எழுதிவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுத்தேன். ஆண் ஹார்மோன் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. இரண்டு நாள் கழித்துக் காலையில் மறுபடி பார்த்தோம், அப்போதும் சரியாகவே இருந்தது. தைராய்டு ரிப்போர்ட்டில்தான் எல்லாம் தெரிந்தது. அவருடைய தைராய்டு சுரப்பி கிட்டத்தட்டத் தூங்கிவிட்டிருந்தது. டாக்டரம்மா அவரைப் பொது மருத்துவரிடம் அனுப்பினார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. அவ்வளவுதான் வைத்தியம்.

“தைராய்டா? அது லேடீஸ் வியாதியாச்சே” என்றார் சார் பரிதாபமாக.

“எங்களுக்குத்தான் ஜாஸ்தி சார். உங்களுக்குக் கெடையாதுன்னு யாரு சொன்னது?” என்றாள் தேன்மொழி.

முதல் மாதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் நான்கு மணிக்கு மேல் தேன்மொழி ஒரு குழாயைக் கீழே போட்டு உடைத்தாள். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சார் எட்டிப் பார்த்துவிட்டு, “கையில கிழிச்சிக்கல இல்ல?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போய், புருஷனைக் கேசரி கிளறச் சொன்னாளாம். மறுநாள் லேபில் எல்லோருக்கும் கேசரி. எதற்கு என்று சாருக்குச் சொல்லவில்லை. அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மாதத்தில் நாலு நாள் என்ற பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மன்னிப்பு என்று தனியாக எதுவும் கேட்கவும் இல்லை. ஆனால் தைராய்டு பார்க்க மனைவியைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆண்களிடம், கவுண்டரில் குனிந்து மெதுவாக, “உங்களுக்கு எப்படி இருக்குது, நல்லா தூங்கறீங்களா?” என்று விசாரிப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியமே கிரிவலம் கிளம்பினேன். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில், அடி அண்ணாமலை தாண்டி ஒரு வளையல் கடைமுன்னால் சாரும் அவர் மனைவியும் மகனும் நின்றுகொண்டிருந்தார்கள். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாகச் சேர்ந்து நடக்கிறோம் என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மகன் அப்பாவின் தோளில் சாய்ந்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மறுபடி கடைப்பக்கம் திரும்பி, பச்சை வளையலா ஊதா வளையலா என்று நான்காவது ஜோடியைக் கையில் எடுத்தார்.

“எத்தினி கடைதான் நிப்பே? இருட்டறதுக்குள்ள சுத்தி முடிக்கணுமா வேணாமா?” என்று சார் உரக்கக் கத்தினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டாரோ என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அவர் என் பார்வையைப் புரிந்துகொண்டு கையை உயர்த்தினார்.

“பயப்படாதீங்க மேடம். மாத்திரை போட்டாச்சு. இது தைராய்டு இல்ல, நான்தான்.”

அவர் மனைவி வளையலைப் போட்டுப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: “ஆமாங்க, இவரைத்தான் நான் கட்டிக்கினேன்.”